1912-இல் கட்டிய பங்களாவில் ஒன்பது ஆண்டுகள்

கலிபோர்னியாவின் பாசடீனா நகரில், பங்களா ஹெவன் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. 1912-இல் கட்டியது. கிராஃப்ட்ஸ்மேன் பாணி: தாழ்ந்த கூரை, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைமரங்கள், அகலமான முன்திண்ணை. மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆண்டில் சில மாதங்கள் அம்மா என்று ஒன்பது ஆண்டுகளாக இதில் குடியிருக்கிறோம். இப்படி ஒரு வீட்டை வாங்கலாமா என்று கேட்பவர்களிடம், கண்ணில் படாத இடங்களுக்கு முதலில் பணம் ஒதுக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நாங்கள் வந்தபோது பாதி வீட்டில் பீங்கான் குமிழ்களில் இழுத்துக் கட்டிய பழைய ஒயரிங் இருந்தது. எர்த் கிடையாது. அதை முழுவதும் மாற்றினோம். அடுத்தது அஸ்திவாரம். அந்தக் காலத்து வீடுகள் பலவற்றில் அடிச்சட்டம் கான்கிரீட்டின் மேல் வெறுமனே உட்கார்ந்திருக்கும். நிலம் நன்றாகக் குலுங்கினால் வீடே நழுவிவிடும். சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கி, தரைக்கு அடியிலுள்ள குட்டைச் சுவர்களுக்குப் பிளைவுட் அடித்தோம். விருந்தினர் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை. ஆனால் எனக்கு இரவில் தூக்கம் வருகிறது.

ஜன்னல்களைக் கழற்றிவிட்டு பிளாஸ்டிக் ஜன்னல் போடச் சொல்லாத ஒப்பந்ததாரர் இல்லை. இந்தப் பகுதி 1989-இல் பாசடீனாவின் முதல் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தெருவிலிருந்து தெரியும் மாற்றங்களுக்கு நகராட்சியின் ஒப்புதல் வேண்டும். தொடக்கத்தில் அது எரிச்சலாக இருந்தது. இன்று அந்த விதிக்கு நன்றி சொல்கிறேன். எங்களுடையவை மேலே தூக்கித் திறக்கும் மர ஜன்னல்கள்; கனத்தை ஈடுகட்ட, நிலைக்குள்ளே கயிற்றில் ஒரு குண்டு தொங்கும். ஒரு விடுமுறையில் ஜன்னல் நிலையின் பக்கவாட்டிலுள்ள சிறு மூடியைத் திறந்தேன். உள்ளே துருப்பிடித்த நீள இரும்புக் குண்டு, அதன் தலையில் அறுந்துபோன பருத்திக் கயிறு. 1978-க்கு முந்தைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்கலாம் என்பதால் பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஈரப்படுத்தித்தான் சுரண்டினேன். அடியில் டக்ளஸ் ஃபிர் மரம். வளையங்கள் நகத்தால் எண்ண முடியாத அளவுக்கு நெருக்கம். புதுக் கயிற்றைக் கப்பியில் கோத்துக் குண்டைக் கட்டியதும், அத்தனை கனமான ஜன்னலை எங்கள் சின்னவள் ஒரே விரலால் தூக்கினாள்.

சமையலறைதான் எங்களைப் படுத்தியது. எங்களுக்கு முன் இருந்தவர்கள், இக்காலக் குடும்பத்துக்கு ஏற்றது என்று, அதற்கும் சாப்பாட்டு அறைக்கும் இடையிலிருந்த சுவரை எடுத்துவிட்டார்கள். தினமும் தாளிக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. நூறாண்டு பழைய மரப்பலகைகளிலும் சுவரோடு சேர்ந்த கண்ணாடி அலமாரியிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது. “ஏன்பா, அடுப்படிக்குக் கதவு வேண்டாமா?” என்றார் அம்மா. நான்காம் ஆண்டு சுவரை மறுபடி எழுப்பி, கதவு வைத்து, புகையை வெளியே தள்ளும் விசிறியும் பொருத்தினோம். இந்த வீட்டில் நாங்கள் செய்தவற்றில் இதைவிடப் பயன்பட்டது எதுவும் இல்லை.

குறைகளும் உண்டு. ஒரே குளியலறை இருந்ததால் பின்புறம் இன்னொன்று கட்ட வேண்டியதாயிற்று. துணி அலமாரிகள் சிறியவை. ஆழமான இறவாரம் கோடையில் வெயிலைத் தடுக்கிறது, குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே விளக்குப் போட வைக்கிறது. திண்ணை அத்தனையையும் ஈடுகட்டுகிறது. ‘பங்களா’ என்ற சொல்லே வங்காளத்து வீடுகளிலிருந்து வந்தது. அந்த உறவு, மாலையில் திண்ணையில் உட்காரும்போது எனக்குத் தெளிவாகவே தெரிகிறது.

2025 ஜனவரியில் ஈட்டன் என்ற காட்டுத்தீ பக்கத்து ஊரான ஆல்டடீனாவில் ஆயிரக்கணக்கான கட்டடங்களை எரித்தது. இதே பாணி வீடுகள் பலவும் அதில் போயின. காற்றில் பறந்து வரும் கங்குகள் இறவாரத்துக் காற்றுத் துளைகள் வழியாகப் பரணுக்குள் புகுந்துவிடும் என்பதால், எல்லாத் துளைகளுக்கும் நெருக்கமான உலோக வலை மாற்றினோம். ஏணியில் நின்று அந்த வேலையைச் செய்தபோதுதான், வடபக்கம் இரண்டு கைமரங்களின் நுனி உளுத்திருப்பதைக் கண்டேன். மழைக்கு முன் அவற்றைச் சரிசெய்ய வேண்டும்.