ஓர் இரவுப் பயணத்துக்கு மூன்று பைகள்: ஒரு சைக்கிள் பைத் தொகுப்பின் மதிப்புரை

சைக்கிளில் படுக்கையும் கூடாரமும் கட்டிக்கொண்டு புறப்பட்டு, ஓர் இரவு வெளியில் தங்கி, மறுநாள் வீடு திரும்பும் பயணத்தை முதன்முறையாகத் திட்டமிடுபவருக்கு, எந்த வழியில் போவது என்பதைவிடப் பொருள்களை எதில் எடுத்துச் செல்வது என்பதே பெரிய கேள்வியாக நிற்கிறது. கேரியர் இல்லாமலே வார்களைக் கொண்டு சைக்கிளோடு இறுக்கிக் கட்டும் மூன்று பைகள் இன்று ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. சீட்டுக்குப் பின்னால் வால்போல் நீளும் 14 லிட்டர் பை, ஃப்ரேமின் முக்கோணத்துக்குள் அமரும் 4 லிட்டர் பை, ஹேண்டில்பாருக்கு முன்னால் உருளையாகத் தொங்கும் 10 லிட்டர் பை என மொத்தம் 28 லிட்டர் கொள்ளும் அத்தகைய தொகுப்பு ஒன்றை ஐந்து இரவுப் பயணங்களில் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடாததற்குக் காரணம் உண்டு. இதே வெட்டிலும் இதே தையலிலும் பலர் பைகளைச் செய்கிறார்கள். இங்கே சொல்லும் நிறைகுறைகள் பெரும்பாலும் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

28 லிட்டர் போதுமா என்று கேட்டால், ஓர் இரவுக்குத் தாராளமாகப் போதும் என்பேன். பிற்பகலில் கிளம்பி, இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்து, மறுநாள் காலையில் திரும்பி, எல்லாம் 24 மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணத்துக்கு, அமெரிக்காவில் ரிவெண்டெல் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிராண்ட் பீட்டர்சன் ‘எஸ்24ஓ’ என்று பெயர் சூட்டினார். புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன், ஏனென்றால் மறந்துபோன எந்தப் பொருளும் ஓர் இரவுக்கு மேல் நம்மை வருத்தாது. மூட்டையில்லாமல் ஒரு நாளில் களைப்பின்றி எவ்வளவு தூரம் ஓட்ட முடியுமோ அதில் பாதியை ஒரு பக்கத் தூரமாக வைத்துக்கொள்ளலாம். பலருக்கு அது 30 முதல் 40 கிலோமீட்டராக இருக்கும். தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதி பெற்ற ஓரிடமும், சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக அங்கே போய்ச் சேரும் கணக்கும் இருந்தால், மீதியைப் பையின் அளவே தீர்மானித்துவிடும். உள்ளே அடங்காத பொருள் வீட்டிலேயே இருக்கட்டும்.

மூன்றில் மிகச் சிறந்தது ஃப்ரேம் பை. எடையுள்ளவை எல்லாம் இதற்குள்தான் போக வேண்டும்: மாற்று ட்யூப், பம்பு, டயர் கழற்றும் நெம்புகோல்கள், அல்லன் கீ, பவர் பேங்க், ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை என்பதை நினைவில் கொண்டால், அது எங்கே அமர்கிறது என்பது எவ்வளவு முக்கியம் என்று புரியும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தாழ்வாக எடை இருக்கும்போது சைக்கிள் திருப்பங்களில் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை. சுமை இருப்பதே சில நேரம் மறந்துபோகிறது. குறையென்று பார்த்தால், பையைப் புடைக்கப் புடைக்கத் திணித்தால் ஒவ்வொரு மிதியிலும் முழங்காலின் உட்புறம் துணியில் உரசும், அரை மணி நேரத்தில் அது எரிச்சலாகிவிடும். தண்ணீர் பாட்டில் மாட்டும் இடத்தையும் இது பிடித்துக்கொள்கிறது. வெல்க்ரோ பட்டைகளுக்கு அடியில் மணல் புகுந்து பெயின்டைத் தேய்ப்பதால், கட்டும் இடங்களில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு டேப்பை முதலிலேயே ஒட்டிவிடுவது நல்லது. சேறு படிந்த ஜிப்பை ஒரு கையால் இழுக்கக் கூடாது. இரண்டாவது பயணத்தில் அப்படி இழுத்து ஒரு பல்லை விலக்கிவிட்டேன், இன்றுவரை அந்த இடத்தில் ஜிப் ஒரு கணம் தயங்கித்தான் நகர்கிறது.

சீட் பையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்தத் தொகுப்பை வாங்கலாமா கூடாதா என்பதை இந்த ஒரு பையே முடிவு செய்கிறது. சீட்டின் அடியில் இருக்கும் இரண்டு கம்பிகளில் இரு வார்களும், சீட் போஸ்ட்டில் வெல்க்ரோ பட்டைகளும் பிடிக்க, மீதி முழுவதும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறது. எழுந்து நின்று மிதித்தால் பை இடமும் வலமும் வாலாட்டுகிறது; முதல் பயணத்தில் ஒரு மேட்டில் ஏறும்போது, பின்னால் யாரோ சைக்கிளைப் பிடித்து ஆட்டுவதைப் போல உணர்ந்து இருமுறை திரும்பிப் பார்த்தேன். காரணம் பையில் இல்லை, நான் அடுக்கிய முறையில் இருந்தது. சமையல் பாத்திரத்தை வாய்ப்பக்கம், அதாவது சைக்கிளிலிருந்து மிகத் தொலைவில் வைத்திருந்தேன். அடுத்த முறை பாத்திரத்தையும் இறுகச் சுருட்டிய துணிகளையும் சீட் போஸ்ட்டை ஒட்டிய குறுகலான முனையில் முஷ்டியால் அழுத்தித் திணித்து, மெத்தென்ற தூங்கும் பையை வாய்ப்பக்கம் வைத்து, முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றி, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிப் பூட்டியபோது ஆட்டம் பெருமளவு அடங்கியது. முதல் ஐந்து கிலோமீட்டரில் உள்ளிருக்கும் துணிகள் அமுங்கி வார்கள் தளர்ந்துவிடும் என்பதால், அங்கே ஒருமுறை நின்று அவற்றை மீண்டும் இறுக்குவதைப் பயணத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும்.

மழையில் இந்தப் பை சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. துணி நீர் புகாதது என்பது உண்மைதான். ஆனால் ஓரங்கள் தைக்கப்பட்டவை, ஒவ்வொரு ஊசித் துளையும் நீருக்கு ஒரு வழி. நாற்பது நிமிட மழைக்குப் பிறகு தங்குமிடத்தில் பையைத் திறந்தபோது தூங்கும் பையின் கால்பக்கம் ஈரமாகியிருந்தது, அந்த இரவு முழங்காலை மடக்கியே படுத்திருந்தேன். வாங்குமுன் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். துணியோடு துணியை வெப்பத்தால் ஒட்டிய ஓரங்கள் இருந்தால் அது நீர்புகாப் பை. நூல் தெரிந்தால், அட்டையில் என்ன எழுதியிருந்தாலும், அது நீர்புகாத் துணியால் ஆன பை மட்டுமே. இரண்டாவது வகையாக இருந்தாலும் வருந்த வேண்டியதில்லை, உள்ளே கனமான பிளாஸ்டிக் பை ஒன்றை இட்டு, அதன் வாயை முறுக்கிக் கட்டினால் போதும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன், அதன் பிறகு படுக்கை நனைந்ததில்லை.

பெரிய குறை என் தங்கையின் சைக்கிளில்தான் வெளிப்பட்டது. அவளுடைய முதல் பயணத்துக்காக மூன்று பைகளையும் அவளிடம் கொடுத்து, புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு முழுச் சுமையோடு 12 கிலோமீட்டர் ஒத்திகை ஓட்டச் சொன்னேன். அவள் உயரத்துக்கு ஏற்ற சிறிய ஃப்ரேம் என்பதால், சீட்டுக்கும் பின் டயருக்கும் இடையே இருந்த இடைவெளி மிகக் குறைவு. பையைக் கட்டிய பிறகு அதன் அடிவயிற்றுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் அகலமே மிஞ்சியது. நின்ற இடத்தில் அது போதுமானதாகத் தெரிந்தது. ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியபோது சரசரவென்று ஒரு சத்தம் கேட்டதாகவும், இலை ஏதோ சிக்கியிருக்கும் என்று நினைத்ததாகவும் வந்து சொன்னாள். பையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து, வெள்ளை நூல்கள் பஞ்சாகக் கிளம்பியிருந்தன. இன்னும் சில கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் துணி கிழிந்து வார் சக்கரத்தில் சுற்றியிருக்கும். ஒத்திகை என்பது சம்பிரதாயம் இல்லை என்று அன்று இருவருக்கும் புரிந்தது.

எனவே சீட் பை வாங்க நினைப்பவர், தமக்கு ஏற்ற உயரத்தில் சீட்டை வைத்து, அதன் அடிக்கம்பிகளிலிருந்து டயர் வரை உள்ள இடைவெளியை அளந்து, அதிலிருந்து நிரப்பிய பையின் தடிமனைக் கழித்த பின் ஒரு சாண் இல்லாவிட்டாலும் அரைச் சாணாவது மிஞ்ச வேண்டும் என்று பார்க்கட்டும். பின்புற சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் சக்கரம் மேலெழும் தூரத்தையும் சேர்த்துக் கழிக்க வேண்டும். எங்கள் தொகுப்பின் அட்டையிலோ கையேட்டிலோ இந்த அளவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. சிறிய சைக்கிள் ஓட்டுகிறவர்களை மறந்துவிட்டே இந்தத் தொகுப்பை வடிவமைத்திருக்கிறார்கள் என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

மூன்றாவதான ஹேண்டில்பார் பைக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. வார்களை இறுக்கினால் பிரேக் கேபிள்கள் மடங்குகின்றன, தளர்த்தினால் பை முன் டயரை நோக்கி இறங்குகிறது; இடையில் தடித்த ஸ்பாஞ்சுத் துண்டுகளை வைத்த பிறகே எனக்கு இரண்டும் சரியாயின. முன்விளக்கை மறைப்பது தனிப் பிரச்சினை. இதே வேலையை, சுருட்டி மூடும் சாதாரண நீர்புகாப் பையும், பனிச்சறுக்குப் பலகைகளைக் கட்டுவதற்கென்று உருவான ‘வோயில்’ வார்களைப் போன்ற, இழுபடும் ரப்பர்த்தன்மை கொண்ட இரண்டு வார்களும் இன்னும் நன்றாகச் செய்கின்றன. இங்கே கூடாரத்தை வைப்பதே சிறந்தது, ஏனென்றால் மழையில் சேர்ந்தால் வேறு எதையும் திறக்காமல் முதலில் கூரையைப் போட முடியும். ஆனால் வழக்கமான கூடாரக் கம்பிகள் மடித்த பிறகும் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம் இருப்பதால், வளைந்த ஹேண்டில்பாரின் இரு கொம்புகளுக்கு நடுவே அவை அடங்குவதில்லை. அவற்றைத் தனியே எடுத்து ஃப்ரேமின் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

படுக்கையின் அளவுதான் பைகளின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஐஎஸ்ஓ 23537 தரத்தின்படி சோதித்த தூங்கும் பைகளில் ‘கம்ஃபர்ட்’ (குளிராமல் வசதியாகத் தூங்கக்கூடியது), ‘லிமிட்’ (சுருண்டு படுத்துச் சமாளிக்கக்கூடிய எல்லை) என்று இரண்டு வெப்பநிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். புதியவர் முதல் எண்ணை மட்டும் பார்க்க வேண்டும், இரண்டாவது எண்ணை நம்பிச் சிறிய பையை வாங்கினால் விடியும்வரை நடுங்க நேரிடும். தரையின் குளிர் உடலில் ஏறாமல் தடுப்பது பாயின் வேலை. ஏஎஸ்டிஎம் எஃப்3340 முறையில் அளந்த ‘ஆர்’ மதிப்பு அதிகமாக இருக்க இருக்க அந்தத் தடுப்பும் கூடும். காற்றூதும் பாய் சுருங்கி உள்ளே அடங்கும், நுரைப் பாயை வெளியேதான் கட்ட வேண்டும்.

ஃப்ரேமில் கேரியர் பொருத்தும் திருகுத் துளைகள் இல்லாதவருக்கும், கரடுமுரடான மண்பாதையில் ஓட்ட விரும்புகிறவருக்கும், உயரமான ஃப்ரேம் உள்ளவருக்கும் இந்தத் தொகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வீட்டில் ஏற்கெனவே கேரியர் உள்ள சைக்கிள் வைத்திருப்பவர் ஃப்ரேம் பையை மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளட்டும். கேரியரின் எடை சற்றுக் கூடுதல்தான், ஆனால் அதன் மேல் எந்தப் பழைய பையையும் அகலமாக வைத்துக் கட்டலாம், அது வாலாட்டாது, டயரைத் தொடாது. எப்படிக் கட்டினாலும், சுமைக்கு ஏற்பப் பின் டயரில் காற்றைச் சற்றுக் கூட்டுவதும், கேரியரின் திருகுகளைப் புறப்படும் நாளன்று ஒருமுறை முறுக்கிப் பார்ப்பதும் வேண்டும்.

தங்கை அப்படித்தான் போனாள். ஃப்ரேம் பையில் தண்ணீரும் சாமான்களும், ஹேண்டில்பாரில் இரண்டு வார்களால் கட்டிய கூடாரம், பின் கேரியரில் எங்கள் பழைய முதுகுப்பைக்குள் படுக்கை. 34 கிலோமீட்டர் ஓட்டி, வெளிச்சம் இருக்கும்போதே சேர்ந்து, மறுநாள் பத்து மணிக்கு வீட்டு வாசலில் வந்து இறங்கினாள். ஃப்ரேம் பையை அவள் இன்னும் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. தேய்ந்த சீட் பையின் அடியில் கூடாரம் ஒட்டும் பசையால் ஒரு துணித்துண்டை ஒட்டியிருக்கிறேன், அதன் பிறகு போன இரண்டு பயணங்களிலும் ஒட்டு பிரியவில்லை.