கண்ணாடி புகைந்தால் கழற்றிவிடுங்கள்: யாழ்ப்பாணத்தில் விற்கப்படும் ஸ்நோர்கெல் முழுமுகக் கவசம் பற்றி ஓர் எச்சரிக்கை

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்து இறங்கும்போது, யாழ் நகரக் கடைகளின் வாசலுக்குக் கடற்கரைச் சாமான்களும் வந்துவிடும். இம்முறை அவற்றோடு ஸ்நோர்கெலிங்குக்கான, அதாவது முகத்தைத் தண்ணீரில் கவிழ்த்துக் குழாய் வழியே மூச்சு விட்டபடி மிதந்து கடலடியைப் பார்ப்பதற்கான, முழுமுகக் கவசமும் தொங்கியது. முகம் முழுவதையும் மூடும் பிளாஸ்டிக் கண்ணாடி, நெற்றிக்கு மேலே நீளும் சுவாசக் குழாய். வாயில் எதையும் கடிக்க வேண்டியதில்லை, மூக்காலேயே மூச்சு விடலாம் என்று சொல்லி விற்றார்கள். நானும் 8,500 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். அதை அணிந்து காரைநகர்க் கசூரினாக் கடலில் மிதந்த என் பெறாமகளை, பன்னிரண்டு வயதுப் பிள்ளையை, நினைவு தடுமாறிய நிலையில் கரைக்குத் தூக்கி வந்தோம். இப்போது நன்றாக இருக்கிறாள். அதே பெட்டி இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ என்ற பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டியை அடையாளம் சொல்லிவிடுகிறேன். நீல நிறம். மீன் கூட்டத்தின் நடுவே ஒரு சிறுவன் சிரிக்கிறான். "180 பாகை காட்சி" என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவில் பயன்படும் "சிஈ" முத்திரை ஒரு மூலையில் இருக்கிறது. அதன் அருகே எந்தத் தர இலக்கமும் இல்லை. செய்தவர் பெயர் இல்லை, இறக்குமதியாளர் பெயர் இல்லை, விலாசம் இல்லை. சிறிய அளவு கேட்டேன். கடைக்காரர் பெரிய அளவைத்தான் எடுத்து வைத்தார். "அக்கா, வளரும் பிள்ளை, பெரிதாக இருந்தால் அடுத்த வருடமும் உதவும். பட்டியை இறுக்கினால் சரி" என்றார். மூச்சின் ஈரம் படிந்து கண்ணாடி புகையுமா என்று கேட்டதற்கு, "எல்லாக் கண்ணாடியும் கொஞ்சம் புகையும், கடல் தண்ணீரில் கழுவிவிட்டுப் போடச் சொல்லுங்கள்" என்றார். கொரோனாக் காலத்தில் வெளிநாட்டு வைத்தியசாலைகளில் மூச்சுத் திணறிய நோயாளிகளுக்கு இதைத்தான் மாட்டினார்கள், அவ்வளவு பாதுகாப்பானது என்று சேர்த்துக்கொண்டார்.

கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பளவைத் தாண்டாது. அன்று அலையும் இல்லை. பிள்ளையோ ரொறன்ரோவில் முறையாக நீச்சல் பழகியவள். தங்கையும் அவள் கணவரும் பக்கத்திலேயே நின்றார்கள். சிறிது நேரத்தில் அவள் தலையை நிமிர்த்தி, "பெரியம்மா, கண்ணாடி புகைகிறது, ஒன்றும் தெரியவில்லை" என்றாள். கடைக்காரர் சொன்னபடி கழுவி மாட்டினோம். மறுபடியும் புகைந்தது. தலையிடிக்கிறது என்றாள், வெயில் என்று நினைத்த தங்கை, இன்னும் கொஞ்ச நேரத்தில் கரையேறலாம் என்றாள். அதன் பிறகு பிள்ளை பேசவில்லை. கைகால் அடிக்கவில்லை, கத்தவில்லை. முகம் கவிழ்ந்தபடி மிதந்தாள். ஸ்நோர்கெலிங் செய்பவர்கள் எல்லோரும் அப்படித்தானே மிதப்பார்கள்? அவள் தகப்பன் காலைத் தொட்டுப் பார்த்தும் அசைவில்லாமல் இருந்ததால்தான் புரட்டினார். கவசத்தைப் பிடுங்கியபோது உதடு வெளுத்திருந்தது, கண் சொருகியிருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. கரையில் கிடத்திய பிறகு வாந்தி எடுத்தாள். அந்த வாந்தி கவசத்துக்குள் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. வாயில் கடிக்கும் குழாயைத் துப்பிவிடலாம்; முகத்தோடு இறுக்கிக் கட்டிய பெட்டியைத் துப்ப முடியாது.

1990 இலக்கத்துக்கு அழைத்தோம். அம்புலன்ஸ் வந்தது. வைத்தியசாலையில் ஒட்சிசன் கொடுத்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்து, இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். அவள் கடல் தண்ணீரைக் குடித்திருக்கவில்லை. தான் வெளிவிட்ட மூச்சையே திரும்பத் திரும்ப உள்ளிழுத்திருக்கிறாள் என்பதை வைத்தியர் பொறுமையாக விளக்கினார்.

வெளிக்காற்றில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 0.04 சதவீதம். நாம் வெளிவிடும் மூச்சில் அது ஏறத்தாழ 4 சதவீதம், அதாவது நூறு மடங்கு. வெளிவிட்ட மூச்சு முழுவதும் வெளியேறி, புதுக் காற்று உள்ளே வந்தால்தான் உடல் தாங்கும். வளர்ந்த ஒருவர் அமைதியாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர் காற்றை இழுக்கிறார். அதில் ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் மூச்சுக்குழாய்களிலேயே தங்கிவிடுகிறது, பயன்படுவதில்லை. முகத்துக்கு முன்னால் இன்னொரு வெற்றிடத்தைக் கட்டினால் பயன்படாத பங்கு இன்னும் கூடும். பிள்ளைகளின் நிலைமை இதைவிட மோசம். ஒரு மூச்சின் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 7 மில்லிலீற்றர் என்பது மருத்துவக் கணக்கு. 35 கிலோப் பிள்ளையின் மூச்சு 250 மில்லிலீற்றரைக்கூடத் தொடாது. பெரியவர் அளவுக் கவசத்துக்குள் அடைந்து கிடக்கும் பழைய காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே போக அந்தச் சிறிய மூச்சுக்கு வலுவில்லை. "அடுத்த வருடமும் உதவும்" என்று பெரிய அளவைத் தலையில் கட்டியவர் உண்மையில் என்ன செய்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காபனீரொட்சைட்டு ஏறும்போது முதலில் தலையிடி, மூச்சு வாங்குதல். பிறகு மயக்கம், குழப்பம், தூக்கம் வருவது போன்ற சோர்வு. அதற்குப் பிறகு நினைவிழப்பு. கடலில் அந்தக் கடைசிப் படிக்குப் பின் என்ன இருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்ததும் கவசத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒழுங்காகச் செய்த முழுமுகக் கவசத்தில் இரண்டு அறைகள் உண்டு. மேல் அறை கண்களுக்கு, கீழ் அறை மூக்குக்கும் வாய்க்கும். குழாய் வழியே வரும் புதுக் காற்று முதலில் கண் அறைக்குள் இறங்கி, சிலிக்கோனாலான மெல்லிய ஒருவழி வால்வுகளைத் தள்ளிக்கொண்டு கீழ் அறைக்குப் போகும். வெளிவிடும் மூச்சு அதே வழியில் திரும்ப முடியாது; வால்வு மூடிக்கொள்ளும். ஓரங்களில் உள்ள தனி வழியாக ஏறிக் குழாயின் வேறொரு பாதையால் வெளியேறும். எனக்கு விற்கப்பட்ட சாமானில் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. குழாய்க்குள்ளே பிரிசுவர் இல்லை; உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே பாதை. ஓரங்களில் காற்று வழி போலத் தெரிந்தவை பிளாஸ்டிக்கில் அச்சடித்த கோடுகள். வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

புகைதலுக்கும் இதுதான் காரணம். நல்ல கவசத்தில் கண் அறைக்குள் உலர்ந்த புதுக் காற்றுத்தான் ஓடும். ஈரமான மூச்சு அங்கே வராது. வால்வு இல்லாவிட்டால், அல்லது கீழ் அறையின் விளிம்பு பிள்ளையின் முகத்தில் பொருந்தாவிட்டால், வெளிவிட்ட மூச்சு மேலே ஏறிக் கண்ணாடியில் படிகிறது. ஆகவே முழுமுகக் கவசம் விடாமல் புகைந்தால், மூச்சு போகக் கூடாத இடத்துக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு அந்த நொடியே கழற்ற வேண்டும். கழுவிவிட்டுப் போடச் சொன்ன கடைக்காரர், எங்களுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கையையும் துடைத்தெறியச் சொல்லியிருக்கிறார்.

கவசத்தையும் வைத்தியசாலைக் குறிப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். "பிள்ளை பயந்திருக்கும் அக்கா, கடலில் பயந்தால் மூச்சு வாங்குவது இயல்பு" என்றார். வால்வுகள் எங்கே என்று காட்டச் சொன்னேன். இது புது மொடல், வால்வு தேவையில்லை என்றார். பிறகு பற்றுச்சீட்டைக் கையில் எடுத்து, "இங்கே பாருங்கள், விளையாட்டுச் சாமான் என்றுதான் எழுதியிருக்கிறோம். பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை" என்றார். விற்கும்போது ஐரோப்பியத் தரம், வைத்தியசாலைத் தரம். திருப்பிக் கொடுக்க வந்தால் விளையாட்டுச் சாமான். எனக்கு வந்த கோபத்தை இன்னும் அடக்க முடியவில்லை. சுவரில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்ற அட்டை. நான் நிற்கும்போதே இன்னொரு குடும்பம் அதே நீலப் பெட்டியைக் கேட்டது. அவர்களிடம் நடந்ததைச் சொன்னேன், வாங்காமல் போனார்கள்.

வைத்தியசாலைக் கதையில் பாதி உண்மை இருப்பதால் அதையும் சொல்ல வேண்டும். 2020இல் இத்தாலியில் பிரபல நிறுவனம் ஒன்றின் முழுமுகக் கவசங்களை நோயாளிகளுக்கு மாட்டியது உண்மை. அவற்றுக்கென முப்பரிமாண அச்சில் தனி இணைப்பைச் செய்து, ஒட்சிசனைக் குழாய் வழியே இடைவிடாது செலுத்தி, வைத்தியர்களின் கண்காணிப்பில் பயன்படுத்தினார்கள். இயந்திரம் தள்ளும் காற்றுக்கும், ஒரு பிள்ளை தன் நெஞ்சின் பலத்தால் இழுக்க வேண்டிய காற்றுக்கும் ஒப்பீடே இல்லை.

கடித்துப் பிடிக்கும் சாதாரணக் குழாய் என்றால் ஆபத்தே இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். ஸ்நோர்கெல் குழாய்க்கு "இஎன் 1972" என்ற ஐரோப்பியத் தரம் இருக்கிறது. அதன்படி குழாய் 38 சென்றிமீற்றருக்கு மேல் நீளக் கூடாது. காரணம் எளியது: நீளக் குழாயில் பழைய மூச்சு தேங்கும், ஆழத்தில் தண்ணீர் நெஞ்சை அழுத்தும். ஒரு மீற்றர் ஆழத்திலேயே அந்த அழுத்தம் வளிமண்டலத்தின் பத்தில் ஒரு பங்கு. வெளிக்காற்றை அந்த ஆழத்திலிருந்து இழுக்க நெஞ்சுத் தசையால் இயலாது. வயரிங் செய்யும் பிளாஸ்டிக் குழாயை வெட்டி வாயில் வைத்துக்கொண்டு கடலடியில் இருக்கப் பார்க்கும் பையன்களை எங்கள் கரையோரங்களில் கண்டிருக்கிறேன். தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு விடயம். ஸ்நோர்கெலிங் மரணங்கள் அதிகமாகக் கவலை எழுப்பிய ஹவாயில் 2021இல் ஒரு பாதுகாப்பு ஆய்வு வெளியானது. குழாய் வழியே மூச்சிழுக்க அதிகம் சிரமப்பட வேண்டியிருந்தால், அந்த இழுவையாலேயே நுரையீரலுக்குள் உடல் நீர் கசிந்து, சடுதியாக மூச்சுத் திணறலும் கைகால் சோர்வும் வரலாம் என்கிறது அது. தண்ணீர் குடிக்காமலே, கால் நிலத்தில் எட்டும் ஆழத்திலேயே, சத்தமில்லாமல் இது நடக்கிறது. இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல். அண்மையில் செய்த நீண்ட விமானப் பயணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள், அது நிரூபிக்கப்படவில்லை. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வந்து மறுநாளே கடலுக்கு இறங்கும் எங்கள் அண்ணன்மாரும் மாமாமாரும் இதைக் கவனத்தில் எடுக்க வேண்டும். மூச்சு வாங்கினால் கவசத்தைக் கழற்றுங்கள், எழுந்து நில்லுங்கள், நிற்க முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ஏற்கெனவே வாங்கியவர்கள் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண் அறைக்கும் மூக்கு அறைக்கும் இடையில் விரலால் தொட்டால் அசையும் மெல்லிய மடல்கள் இருக்க வேண்டும். குழாயின் வாயைக் கையால் மூடி மூச்சை இழுத்தால் கவசம் முகத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டாவிட்டால் அளவு சரியில்லை. தாடி வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒட்டாது. குழாயின் உச்சியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் மிதவை கவிழ்த்தால் மூடி, நிமிர்த்தினால் உடனே திறக்க வேண்டும். உப்புப் படிந்து மூடியபடியே இறுகினால் மூச்சு அடைத்துவிடும். நிலத்தில் உட்கார்ந்து சில நிமிடங்கள் அணிந்து பாருங்கள். அங்கேயே புகைந்தால் கடலுக்குக் கொண்டு போக வேண்டாம். இத்தனையிலும் தேறினாலும், தன் கையாலேயே ஒரே இழுப்பில் கழற்றத் தெரியாத பிள்ளைக்கு அதை மாட்டாதீர்கள். முழுமுகக் கவசத்தோடு எவரும் கீழே சுழியோடவும் கூடாது. பெரும்பாலானவற்றில் காது அழுத்தத்தைச் சரிசெய்ய மூக்கைப் பிடிக்க முடியாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அந்தச் சபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வாங்குபவரை ஏமாற்றும் விதமாகப் பொருளை விற்பதைத் தடை செய்கிறது. முறைப்பாடு கொடுத்த பிறகு கடையிலிருந்து அழைப்பு வந்தது: பணத்தைத் தருகிறோம், கடிதத்தைத் திரும்ப எடுங்கள் என்று. மறுத்துவிட்டேன். நீலப் பெட்டிகள் வாசலிலிருந்து உள்ளே போயிருக்கின்றன. கேட்டால் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று அறிகிறேன்.

அதே பெட்டி உங்களிடம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பெட்டி, கவசம், பற்றுச்சீட்டு மூன்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு நீங்களும் முறைப்பாடு கொடுங்கள். வாங்கி மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்பதற்கு 1977. என் ஒருத்தியின் கடிதத்தைப் பயந்த பிள்ளையின் கதை என்று தள்ளிவிடப் பார்க்கிறார்கள். வால்வே இல்லாத கவசங்கள் நான்கைந்து அதிகாரிகளின் மேசைக்கு வந்துவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது.