மார்பகக் கட்டி: அழுத்திப் பார்ப்பதா, அலை விட்டுப் பார்ப்பதா?

அல்ட்ராசவுண்டில் கட்டி தெரிந்துவிட்டது. புற்றுக்கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும் என்பதால், அது எவ்வளவு கெட்டி என்று பார்க்க ஸ்ட்ரெய்ன், ஷியர் வேவ் என இரண்டு எலாஸ்டோகிராபி முறைகள். எது தேவலை?

செய்யும் விதம்: ஸ்ட்ரெய்னில் டாக்டர் புரோபை (தோல்மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) லேசாக அழுத்தி அழுத்தி எடுப்பார். ஷியர் வேவில் கை அசையக்கூடாது. மெஷினே ஒலித்துடிப்பால் திசுவைத் தள்ளி, பக்கவாட்டில் ஓடும் அலையின் வேகத்தை அளக்கும்.

கிடைப்பது: முன்னதில் சுற்றுத் திசுவோடு ஒப்பிட்ட வண்ணப்படம், 1 முதல் 5 வரை மதிப்பெண். பின்னதில் கிலோபாஸ்கலில் (கெட்டித்தன்மையைச் சொல்லும் அலகு) ஓர் எண். (நிறத்தைப் பார்த்து நீங்களே பயந்துவிடாதீர்கள். ஒரு மெஷினில் கெட்டிக்கு நீலம், இன்னொன்றில் சிவப்பு.)

கைப்பழக்கம்: ஸ்ட்ரெய்னுக்கு நிறைய வேண்டும். ஷியர் வேவிலும் புரோபை அமுக்கிப் பிடித்தால் மெத்தென்ற கொழுப்புகூடக் கெட்டியாகக் காட்டும். ஜெல்லைத் தாராளமாகப் பூசி, புரோபை மிதக்க விடுவதுதான் சூட்சுமம்.

சறுக்கல்: ரொம்பக் கெட்டியான புற்றுக்கட்டிக்குள் ஷியர் அலை சரியாக ஓடாமல் படம் வெறுமையாக வரலாம். அங்கே ஸ்ட்ரெய்ன் கைகொடுக்கும்.

மெஷின் விலை: ஷியர் வேவ் கூடுதல்.

பின்னாளில் மறுபடி அளந்து ஒப்பிட வேண்டுமென்றால் ஷியர் வேவ். அனுபவக் கை இருந்தால் ஸ்ட்ரெய்னே போதும். பயாப்ஸி (கட்டியில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்லிவிட்டார்களா, இந்த இரண்டு சோதனைகளையும் காரணம் காட்டி அதைத் தள்ளிப்போடாதீர்கள். மெத்தென்ற புற்றும் உண்டு.