பெப்ரவரித் தட்டில் யாருக்கு இடம்: மிளகாயா, கத்தரியா, தக்காளியா?

ரொறன்ரோவில் பெப்ரவரி நடுப்பகுதி வந்துவிட்டால், வெளியே பனி கிடக்கக் கடைகளில் விதைப் பைகள் தொங்கத் தொடங்கிவிடும். பார்த்ததும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து ஒரே நாளில் ஊன்றத்தான் கை துருதுருக்கும். ஆனால் என் நிலக்கீழறையில் இருப்பது விதை முளைக்கவைக்கும் ஒரேயொரு தட்டும் நாலடி எல்இடி விளக்கு ஒரு சோடியும்தான். அந்த வெளிச்சத்தில் யாரை வைப்பது என்று கேட்டால், என் இடம் மிளகாய்க்கு.

முதலில் கழிக்க வேண்டியவற்றைக் கழித்துவிடலாம். கரட், முள்ளங்கி, போஞ்சி, பயற்றை எல்லாம் நேரே நிலத்தில் ஊன்றுபவை. வெண்டிக்கு வேரைத் தொட்டால் பிடிக்காது. புடலையும் பாகலையும் வெளியே நடுவதற்கு மூன்று நான்கு கிழமை முன்பு வீட்டுக்குள் ஊன்றினால் போதும். அவற்றை இப்போதே ஊன்றினால் ஏப்ரலில் விளக்குக் கம்பியைச் சுற்றிக்கொண்டு நிற்கும். எஞ்சுவது மூன்று: தக்காளி, கத்தரி, மிளகாய்.

இங்கே எல்லாரும் விக்டோரியா நாள் விடுமுறையைத்தான் கணக்கில் வைப்பார்கள். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. அதற்குப் பிறகு உறைபனிப் பயம் அநேகமாகப் போய்விடும். தக்காளி அப்போதே வெளியே போகலாம். இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கினால் மிளகாய் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு முறைத்துக்கொண்டு நிற்கும் என்பதால், அதை நான் ஜூன் தொடக்கம் வரை வைத்திருப்பேன்.

ஆகவே பெப்ரவரிக் கடைசியில் ஊன்றுகிற எதுவும் மூன்று மாதம் வீட்டுக்குள் இருக்கப்போகிறது. அந்த மூன்று மாதத்தை எது சின்னதாகவே இருந்து கழிக்கும்? எனக்கு எல்லாம் தீர்மானமாவது இந்த ஒரு கேள்வியில்தான்.

தக்காளி கழிக்காது. அதற்கு ஆறிலிருந்து எட்டுக் கிழமை போதும். ஒரு கிழமைக்குள் முளைத்துவிடும், பிறகு நில்லென்றால் நிற்காது. ஏப்ரல் நடுவில் ஒன்றரை அடி உயரத்தில் தண்டு மெலிந்து, வேர் சாடியைச் சுற்றி முடிந்துபோய் நிற்கும். பெரிய சாடிக்கு மாற்ற வேண்டும், அதற்கு மண் வேண்டும், சாடி வைக்க இடம் வேண்டும். மே மாதத்தில் வீட்டுக்குள்ளேயே பூக்கவும் செய்யும். அப்படி வளர்த்த கன்றை மார்ச் கடைசியில் ஊன்றிய கன்று ஜூலைக்குள் எட்டிப் பிடித்துவிடும். போதாததற்கு, மே மாதத்தில் தக்காளிக் கன்று விற்காத கடை இந்த ஊரில் இல்லை. அபூர்வ வகை ஏதும் கையில் இருந்தால் ஒழிய, பெப்ரவரியில் தக்காளிக்கு நான் ஓட்டுப் போடமாட்டேன்.

மிளகாய் இதற்கு நேர்மாறு. முளைக்கவே ஆறுதலாகத்தான் முளைக்கும். மண் 25 முதல் 30 பாகை வரை சூடாக இருந்தால் பத்து நாள் அளவில் எட்டிப் பார்க்கும். நிலக்கீழறைக் குளிரில் விட்டால் மூன்று கிழமையும் ஆகலாம், ஈரத்தில் அழுகியும் போகலாம். அதனால் தட்டுக்கு அடியில் ஒரு சூட்டுப் பாய் அவசியம். முளைத்ததும் பாயை எடுத்துவிட்டு, விளக்கைக் கன்றுக்கு நாலைந்து விரல் மேலே இறக்கி, நாளுக்கு 14 முதல் 16 மணிநேரம் எரியவிட வேண்டும். சில முளைகள் விதைத்தோலைத் தலையில் தொப்பி மாதிரிப் போட்டுக்கொண்டே வெளியே வரும். பிடுங்கப் போனால் இலையும் சேர்ந்து வந்துவிடும். ஒரு துளி தண்ணீர் வைத்து இரவு முழுக்க மூடிவைத்தால் காலையில் விரல் பட்டதும் கழன்றுவிடும்.

இரண்டு மாதம் போனாலும் கன்று ஒரு சாண் தாண்டாது. சின்னச் சாடியே போதும், ஒரே விளக்குக்குக் கீழே நிறையக் கன்று அடங்கும். ஜூன் தொடக்கத்தில் நட்டால் ஓகஸ்டில் பச்சை மிளகாய், செப்டெம்பரில் பழம். ஏப்ரலில் ஊன்றினால் ஒக்டோபர் உறைபனி வரும்போது செடியில் பழுக்காத காய்தான் அதிகம் இருக்கும். முந்திக்கொண்டதற்கு முழுப் பலன் தருவது மிளகாய்தான். கடைக் கன்றுகளில் குடைமிளகாயும் ஹலபேனோ என்ற தடித்த மெக்சிக்கோ மிளகாயும் தாராளமாகக் கிடைக்கும், சம்பலுக்கு ஆகிற மெல்லிய உறைப்பு மிளகாயைத் தேடத்தான் அலைய வேண்டும். ஊரிலிருந்து வந்த செத்தல் மிளகாயின் விதைகூட, வெயிலில் காய்ந்ததாக இருந்தால், பல வேளைகளில் முளைத்துவிடும்.

கத்தரிதான் உண்மையான போட்டி. காலமும் சூடும் ஏறக்குறைய மிளகாய்க்குரியவைதான். கடைகளில் இருப்பது பெரும்பாலும் அந்தக் கொழுத்த கறுப்பு வகை. பால்கறிக்கும் பொரித்த குழம்புக்கும் ஏற்ற சின்னக் கத்தரி வேண்டுமென்றால் விதையிலிருந்துதான் வரவேண்டும். ஆனால் இலை அகலம், பக்கத்துக் கன்றுக்கு வெளிச்சத்தை மறைக்கும். வெளியே நட்டதும் தத்து வண்டுகள் இலையைச் சல்லடையாக்கும், பின்னால் கொலராடோ வண்டும் வரும். முதல் சில கிழமை வலை போட்டு மூடப் பொறுமை உள்ளவர்கள் தாராளமாகக் கத்தரி வைக்கலாம். நான் தட்டின் ஒரு ஓரம் மட்டும் கொடுக்கிறேன், அதுவும் மிளகாய்க்கு ஒரு கிழமை பிந்தி.

இன்னொன்று, மிளகாய் பல்லாண்டுச் செடி. ஒக்டோபரில் கிளைகளைக் குறுக வெட்டிச் சாடியில் உள்ளே கொண்டுவந்தால் அடுத்த வருடமும் காய்க்கும். சாறு உறிஞ்சும் அசுவுணிப் பூச்சி கூடவே வந்துவிடும் என்பதால் வேரையும் இலையையும் நன்றாகக் கழுவிவிட்டுக் கொண்டுவர வேண்டும். கத்தரியும் அப்படித்தான் என்றாலும் அதை நான் உள்ளே வைத்துப் பார்த்ததில்லை.

லீக்ஸ் போடுகிறவர்கள் மட்டும் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அதை இப்போதே ஊன்றியாக வேண்டும். விதை புதிதாக இருக்கட்டும்; வெங்காய இனத்து விதை ஒரு வருடம் தாண்டினால் முளைப்பு சட்டென்று விழுந்துவிடும்.