சைக்கோபை ஃப்ரீ தான், ஆனா நூலும் ஸ்கேலும் நீங்க எடுத்துட்டு வரணும்

ஆப்டோமெட்ரி (கண் பார்வை சோதனை படிப்பு) ப்ராஜெக்ட்டுக்கு கான்ட்ராஸ்ட் சென்சிட்டிவிட்டி, அதாவது எவ்ளோ மங்கலா இருந்தாலும் கண்ணுக்கு தெரியுதுங்கிற அளவு, எடுக்கணும்னு சொன்னாங்க, மெஷின் வெலைய கேட்டதுமே தலை சுத்திருச்சு, அப்புறம் ஒரு சீனியர் அக்கா தான் ஸ்க்ரீன்ல படம் காட்டி இந்த மாதிரி எக்ஸ்பெரிமென்ட் பண்ற சைக்கோபை சாஃப்ட்வேர காட்டிவிட்டாங்க. இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் யுனிவர்சிட்டி ஜொனாதன் பியர்ஸ் ஆரம்பிச்சது, பைத்தான்ல ஓடும், பத்து பைசா செலவில்ல. கோட் எழுத வராதவங்களுக்கு பில்டர்னு ஒண்ணு இருக்கு, மவுஸ்லயே இழுத்துப்போட்டு எக்ஸ்பெரிமென்ட் ரெடி பண்ணிடலாம்.

எனக்கு ரொம்ப புடிச்சது ஸ்டேர்கேஸ், பதிலுக்கு ஏத்த மாதிரி டெஸ்ட்ட படிப்படியா கஷ்டமாவோ ஈஸியாவோ மாத்துற முறை. வரிவரியா, ஓரம் மங்கி மறையுற காபர் பேட்ச்னு ஒரு படம் வரும், எந்தப் பக்கம் வந்துச்சுன்னு அம்புக்குறி பட்டன தட்டணும், தொடர்ந்து 3 தடவை கரெக்ட்டா சொன்னா கான்ட்ராஸ்ட் ஒரு படி எறங்கும், ஒரு தப்புக்கு ஒரு படி ஏறும், இப்படியே போயி 79% கரெக்ட்டா சொல்ற எடத்துக்கிட்ட வந்து நிக்கும். ஜூனியர் பையன் ஒருத்தன் "அக்கா ஒண்ணுமே தெரியல, சும்மா குத்துறேன்"னு பொலம்பிட்டே இருந்தான், ரிசல்ட்ட பாத்தா முக்காவாசி கரெக்ட்டு!

இப்ப என் கூத்துக்கு வரேன். படத்தோட சைஸ டிகிரி கணக்குல (கண்ணுக்கு அது எவ்ளோ கோணத்துல தெரியுதுன்னு) குடுக்கலாம், ஆனா ஸ்க்ரீன் எத்தன சென்டிமீட்டர், ஆள் எவ்ளோ தூரம்னு மானிட்டர் சென்டர்ங்கிற செட்டிங்ஸ் பக்கத்துல நாமதான் சொல்லணும், நாம பொய் சொன்னா அதையும் நம்பிடும். நான் அதுல ஏற்கனவே இருந்த டெஸ்ட்மானிட்டர் அளவயே வெச்சு ஒரு வாரம் ஓட்டிட்டேன், மொத்த டேட்டாவும் குப்பை. அப்புறம் தான் ஸ்க்ரீன்லேந்து 57 சென்டிமீட்டருக்கு நூல் கட்டி சின் ரெஸ்ட்ட (தலை ஆடாம தாடைய வெக்கிற ஸ்டாண்டு) நிறுத்துனோம், அந்த தூரத்துல 1 சென்டிமீட்டர்னா சுமார் 1 டிகிரி, ஸ்கேல வெச்சே செக் பண்ணிக்கலாம்.

அடுத்தது காமா, அதாவது நாம குடுக்குற வேல்யூவுக்கு ஸ்க்ரீன் எவ்ளோ வெளிச்சம் காட்டுதுங்கிற கணக்கு. பாதி வேல்யூ குடுத்தா பாதி வெளிச்சம் வரும்னு நெனச்சா அவ்ளோதான், காமா 2.2ன்னா வர்றது வெறும் 22% கிட்ட தான். கேலிப்ரேஷன் ஆப்ஷன் உள்ளேயே இருக்கு, ஆனா வெளிச்சம் அளக்குற ஃபோட்டோமீட்டர கடன் வாங்கியாவது அளக்கணும். கம்ப்யூட்டர்ல ஸ்க்ரீன மஞ்சளாக்குற நைட் லைட் செட்டிங்க ஆஃப் பண்ண மறந்துடாதீங்க, அதுலயும் ஒரு நாள் போச்சு எனக்கு.

படம் எவ்ளோ நேரம் தெரியணும்ங்கிற டைமிங்கும் ஃப்ரேம் (ஸ்க்ரீன் ஒரு தடவை புதுப்பிக்கிற நேரம்) கணக்கு தான், 60 ஹெர்ட்ஸ் மானிட்டர்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட், 50 மில்லிசெகண்ட் கேட்டா 3 ஃப்ரேம்ல வந்துரும், 40 கேட்டா முழு ஃப்ரேம் கணக்குல வராது, அதுக்கு சாஃப்ட்வேர திட்டாதீங்க.