ஃபைப்ராய்டுக்கு அசோகப்பட்டைப் பொடி: வாங்கலாமா?

ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைக் கட்டி இருக்கிற அக்காவுக்காக மதுரையில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். பாக்கெட்டில் ‘கர்ப்பப்பைக் கட்டியை அடியோடு கரைக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. பொடி நைசாக, செம்பழுப்பாக இருக்கிறது, கஷாயம் வைத்தால் நாக்கை இழுக்கிற துவர்ப்பு, மோர் குடித்தாலும் சீக்கிரம் போகாது. ஆனால் வேறென்ன சேர்த்திருக்கிறார்கள் என்றும் இல்லை, உரிம எண்ணும் இல்லை. எனக்கு இது பெரிய குறை.

உதிரப்போக்கு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது என்றாள் அக்கா. சரி, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கட்டி அதே அளவு. அதிக உதிரப்போக்குக்கு அசோகப்பட்டையை ஆயுர்வேதத்தில் காலங்காலமாகக் கொடுக்கிறார்கள், கட்டியே கரையும் என்பதற்குத்தான் உறுதியான ஆதாரம் இல்லை. ஃபைப்ராய்டு கர்ப்பப்பைத் தசையில் வளர்வது, அநேகமாக எப்போதுமே புற்றுநோய் கிடையாது, ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களின் தூண்டுதலில் வளர்ந்து, மாதவிடாய் நின்ற பிறகு பெரும்பாலும் தானாகவே சுருங்கும். அதுவே கர்ப்பப்பையின் உள்சுவரை ஒட்டி இருந்தால், சின்னக் கட்டி கூட ரத்தத்தைக் கொட்ட வைக்கும்.

இந்தப் பணத்துக்கு முதலில், உதிரப்போக்கால் ரத்தசோகை வந்திருக்கிறதா என்று ஹீமோகுளோபின் பாருங்கள். கீரை, சுண்டல் சாப்பிடும்போது நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேருங்கள், சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்புச்சத்தைச் சேரவிடாது. ரத்தசோகை வந்துவிட்டால் கீரை மட்டும் போதாது, டாக்டர் தரும் மாத்திரையும் வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று தொடர்ந்து நனைந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அப்புறம் பொடி குடிப்பதை அங்கே மறைக்காதீர்கள்.

5க்கு 2 தருகிறேன்.