முழங்காலை மடக்காமல் பெரிய குவில்ட்: இரண்டு பலகையும் ஒரு பசை டப்பாவும்

குவில்ட் என்னும் பஞ்சு வைத்த ஒட்டுத்துணிப் போர்வையைத் தைப்பதில் எந்த வேலை கடினம் என்று மூட்டு வலி உள்ளவரைக் கேட்டால், துணியை வெட்டுவதையோ துண்டுகளை இணைப்பதையோ சொல்ல மாட்டார்; மேல்துணி, பஞ்சு விரிப்பு, அடித்துணி ஆகிய மூன்றையும் தையலுக்கு முன் ஒன்றாகப் பிடித்து நிறுத்தும் பேஸ்டிங்கைத்தான் சொல்வார். அடித்துணியைத் தரையில் விரித்து, விளிம்புகளை மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, மற்ற இரண்டையும் அதன்மேல் பரப்பி, மண்டியிட்டபடியே நகர்ந்து ஊக்கு குத்திக்கொண்டு போவதுதான் அமெரிக்காவில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படும் முறை. 90 அங்குல அகலமும் 100 அங்குல நீளமும் உள்ள குவீன் அளவுக் (இருவர் படுக்கும் கட்டிலுக்கான) குவில்டுக்கு, நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு என்று கணக்குப் போட்டால் ஐந்நூறைத் தாண்டும். அத்தனையையும் குத்தி மூட வேண்டும்; பிறகு தைத்துக்கொண்டே அத்தனையையும் திறந்து எடுக்கவும் வேண்டும். தரையில் உட்கார்ந்து உண்டு, தரையில் உட்கார்ந்து அரிசி புடைத்து வளர்ந்தவர்களுக்குக்கூட, முழங்கால் தேய்ந்தபின் இது நடவாத காரியம்.

இதற்கு மாற்றாகக் கிடைப்பவற்றில் இரண்டு பொருள்களையும் ஒரு சேவையையும் பெரிய குவில்டுகளில் பயன்படுத்திப் பார்த்த என் மதிப்பீடு இது. தரையில் இறங்காமல் வேலை முடிகிறதா, விரல்களுக்கு எவ்வளவு சிரமம், திருப்பிப் பார்த்தால் அடித்துணியில் சுருக்கம் விழுந்திருக்கிறதா என்ற மூன்றையுமே அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

எதை வாங்குவதற்கு முன்னாலும் மேசையின் உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். சாதாரண மேசை ஏறத்தாழ 30 அங்குல உயரம். அதன்மேல் நின்றபடி குனிந்து வேலை செய்தால் முழங்கால் தப்பினாலும் இடுப்பு தப்பாது. கட்டில் கால்களுக்கு அடியில் வைப்பதற்காக விற்கும் ஆறு அங்குலக் கட்டைகளை மேசைக் கால்களுக்கு அடியில் கொடுத்தால், சமையலறை மேடையின் 36 அங்குல உயரம் வந்துவிடும். ஆறடி நீளமுள்ள மடக்கு மேசைகள் இரண்டை அகலவாட்டில் ஒட்டிப் போட்டால் ஐந்தடிக்கு ஆறடி இடம் கிடைக்கும். குவில்ட் அதைவிடப் பெரியது என்பது உண்மைதான். தொங்கும் பகுதியின் எடை மேசைமேல் உள்ள பகுதியை இழுத்துக்கொண்டே இருப்பதுதான் மேசை வேலையின் தீராத தொல்லை. அந்தத் தொல்லைக்கு நேரடியான பதிலாக இருப்பதால்தான் பலகைகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

பலகை முறையை அமெரிக்கக் குவில்ட் கலைஞர் ஷேரன் ஷாம்பர் தம் காணொளிகளின் வழியே பரவலாக அறியச் செய்தார். தேவையானவை இரண்டு நீண்ட மரப்பலகைகள், நூல், ஊசி மட்டுமே. அடித்துணியை ஒரு பலகையிலும் மேல்துணியை மற்றொன்றிலும் சுருட்டிவிட வேண்டும். சுருள் விரியும்போது அடித்துணியின் உட்புறமும் மேல்துணியின் முகப்பும் நம்மைப் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கமாகச் சுருட்டுவது என்ற குழப்பம் வராது. பஞ்சு விரிப்பு சுருட்டப்படாமல் இரண்டுக்கும் நடுவே கிடக்கும். மேசை அகலத்துக்கு மட்டும் விரித்து, உள்ளங்கையால் நீவி, நாலு விரற்கடைக்கு ஒரு வரிசையாக நூலோட்டி, முடிந்த பகுதியை நம் பக்கமாக இழுத்துவிட்டு அடுத்த பகுதியை விரிக்க வேண்டும். சுருளின் எடை மேசைமேலேயே இருப்பதால் துணி இழுபடுவதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். பாதியில் விட்டுவிட்டு மறுநாள் தொடரலாம். பசை உலர்வதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரமோ, தரையில் விரித்ததை வீட்டில் யாரும் மிதிக்காமல் காக்க வேண்டிய கவலையோ இல்லை.

பலகை வாங்கும்போது அளவில் கவனம் வேண்டும். மரக்கடையில் 'ஒன்றுக்கு நான்கு' என்று விற்கும் பலகை உண்மையில் முக்கால் அங்குலப் பருமனும் மூன்றரை அங்குல அகலமும் உள்ளது, அது போதும். நீளம்தான் சிக்கல். 90 அங்குல மேல்துணிக்கு, ஒவ்வொரு பக்கமும் நான்கு அங்குலம் கூடுதலாக விட்டால் அடித்துணி 98 அங்குலம் ஆகிறது. எட்டடிப் பலகையோ 96 அங்குலம்தான். ஆகவே பத்தடிப் பலகை வாங்கிக் கடையிலேயே 102 அங்குலத்துக்கு அறுத்துத் தரச் சொல்வது நல்லது. அறுக்காத பலகை பெரும்பாலான கார்களில் நுழையாது. விளிம்புகளை மணல்காகிதத்தால் தேய்க்காவிட்டால் சிலாம்பு துணியில் மாட்டும். பைன் மரமே ஆனாலும் ஒவ்வொரு பலகையும் துணி சுற்றியபின் நன்றாகக் கனக்கும் என்பதால், மணிக்கட்டு வலி உள்ளவர் அதைத் தூக்காமல் மேசைமேல் உருட்டியே நகர்த்த வேண்டும்.

இந்த முறையின் உண்மையான குறை விரல்களில்தான் தெரிகிறது. ஊசி மேசையில் இடித்துத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதன் நுனியைப் பிடித்து மேலே இழுக்கக் கட்டைவிரலின் அடி மூட்டு வேலை செய்கிறது. இடது கையில் ஒரு தேக்கரண்டியைப் பிடித்து, ஊசி நுனி மேலே வரும் இடத்தில் அதன் விளிம்பை அழுத்தினால் நுனி கரண்டியின்மேல் ஏறி நிற்கும். பாதிச் சிரமம் குறையும். பாதிதான். கை மூட்டுகள் வீங்கிய நாளில் இந்த வேலையைத் தொடாமலிருப்பதே மேல்.

அடுத்தது 505 என்ற எண்ணால் அறியப்படும், பிரான்ஸைச் சேர்ந்த ஓடிஃப் நிறுவனத்தின் தற்காலிகப் பசை ஸ்ப்ரே. ஒட்டியதைப் பிரித்து மீண்டும் ஒட்டலாம் என்பதும், துவைத்தால் போய்விடும் என்பதும் நிறுவனம் சொல்பவை. என் அனுபவத்தில் இரண்டுமே சரியாக இருக்கின்றன. முழங்காலும் விரலும் ஒருசேர வலிப்பவருக்குக் கடையில் கிடைக்கும் பொருள்களில் இதுவே முதல் தேர்வு. மேசையின் மையத்தில் ஒரு பல்குத்தும் குச்சியை டேப்பால் ஒட்டிவைத்து, மூன்று அடுக்குகளையும் நான்காக மடித்து, மடிப்பின் மூலை அந்தக் குச்சியின்மேல் வருமாறு ஒன்றன்பின் ஒன்றாக விரித்தால், விரல் நுனியால் தடவியே நடு எங்கே என்று அறியலாம். பிறகு பாதியை மடக்கிவிட்டு, பஞ்சின்மேல் ஓரடி அகலத்துக்கு மட்டும் தெளித்து, துணியை மெல்ல இறக்கி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிக்கொண்டு போக வேண்டும். சுருக்கம் தெரிந்தால் தூக்கி மறுபடி ஒட்டலாம். ஊக்கு முறையில் மணிக்கணக்கில் இழுக்கும் வேலை இதில் ஒரு பிற்பகலுக்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் டப்பாவின் மேலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருப்பதும் ஒரு விரல் வேலைதான் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. இரு கைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. விரலை எடுத்து எடுத்து அழுத்தினால் பசை சீராகப் படியாமல் திட்டுத்திட்டாக விழுகிறது. தெளிக்கும்போது பறக்கும் துளிகள் மேசை ஓரத்திலும் மூக்குக்கண்ணாடியிலும் முன்கை மயிரிலும் படிகின்றன; பழைய படுக்கை விரிப்பு ஒன்றைச் சுற்றிலும் போட்டுக்கொள்வது அவசியம். எளிதில் தீப்பற்றும் பொருள் ஆதலால் சூடான இஸ்திரிப்பெட்டியையோ எரியும் அடுப்பையோ அருகில் வைத்துக்கொண்டு தெளிக்கக் கூடாது. சன்னல்களைத் திறந்துவைத்து, முகக்கவசமும் அணிய வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செலவும் கூடுதல்தான்: குவீன் அளவுக்கு 500 மில்லி டப்பாவில் பாதிக்கு மேல் காலியாகிறது, பலகையோ ஒருமுறை வாங்கினால் போதும். 2025இல் ஜோஆன் என்ற அமெரிக்கத் துணி, கைவினைப் பொருள் நிறுவனத்தின் கடைகள் அனைத்தும் மூடப்பட்டபின், டப்பாவை நேரில் வாங்கக் குவில்டுக்கென்றே உள்ள சிறு கடைகளை நாட வேண்டியிருக்கிறது. ஊரில் உள்ள தோழிக்குப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லலாம் என்றும் எண்ண வேண்டாம். தீப்பற்றும் ஏரோசாலை விமானத்தில் அனுமதிப்பதில்லை. கையால் குவில்ட் தைப்பவர்கள், ஊசி பசையில் இழுபட்டு நகர மறுக்கிறது என்று குறைப்படுவது நியாயமானதே. அவர்களுக்குப் பலகைதான் சரி.

இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் பஞ்சு விரிப்பும் உண்டு. குழந்தைக் குவில்டுக்கு அது மிக நன்று. குவீன் அளவுக்குக் கனமான இஸ்திரிப்பெட்டியை நெடுநேரம் அழுத்தித் தூக்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலியைத் தோளுக்கு மாற்றிய கதையாகிவிடுகிறது.

கடைசியாக, நீண்ட சட்டத்தில் துணியைப் பூட்டி இயந்திரத்தால் தைக்கும் லாங்ஆர்ம் கடைகள். முழுக் குவில்டையும் தைத்துத் தருவதோடு, பேஸ்டிங் மட்டும் போட்டுத் தருவதையும் பல கடைகள் தனிச் சேவையாக வைத்திருக்கின்றன. எஞ்சிய தையலை நாமே வீட்டில் நம் இயந்திரத்திலோ கையாலோ செய்துகொள்ளலாம். உருளைகளில் இழுத்துப் பூட்டி நீளத் தையல் போடுவதால் அடித்துணியில் ஒரு சுருக்கமும் விழாது. நான் பார்த்தவற்றுள் பின்புறம் இவ்வளவு தட்டையாக வந்த முறை வேறில்லை. பல இடங்களில் கட்டணம் சதுர அங்குலக் கணக்கில் வாங்கப்படுகிறது. அங்குலத்துக்கு ஒரு சென்ட் என்று வைத்தாலே 90க்கு 100 அளவுக்குத் தொண்ணூறு டாலர் ஆகும். கிங் அளவானால் இன்னும் ஏறும். ஆனால் கிங் அளவை வீட்டு மேசையில் புரட்டுவதைவிட இந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்பதே என் கருத்து.

நான் கொடுத்த கடையில் வேலை நன்றாக இருந்தது. சொன்ன தேதி மட்டும் இரண்டு முறை தள்ளிப்போனது. கிறிஸ்துமசுக்கு முந்தைய மாதங்களில் இத்தகைய கடைகளில் பரிசுக் குவில்டுகள் குவிந்துவிடுவதால், அவசரமில்லாதவர்கள் ஆண்டின் தொடக்கத்தில் கொடுப்பது நல்லது. கொடுக்கும்போது அடித்துணியின் நான்கு மூலைகளும் செங்கோணமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். இல்லையெனில் அதைச் சரிசெய்யத் தனிக் கட்டணம் கேட்பார்கள். வரிசைகளுக்கு நடுவே எத்தனை அங்குல இடைவெளி, எந்த நிற நூல் என்பதை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வெளிர் நிறத் துணியில் அடர் நிற நூலால் பேஸ்டிங் போட்டால், அதைப் பிரித்த பிறகும் நூலின் சாயத் துணுக்குகள் தையல் துளைகளில் தங்கிவிடும்.